சால்ட் ஸ்ப்ரேயில் பாஸ், தோல் ஷாப்பில் துரு: உதவி தேவை

வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட்டில் இரும்பு பிராக்கெட்டுக்குப் பவுடர் கோட்டிங் (பவுடரைத் தூவி அடுப்பில் உருக்கிப் பூசுவது) போடுகிறோம். மாதிரித் தகடுகள் 500 மணி நேர சால்ட் ஸ்ப்ரேயில் (மூடிய கூண்டில் உப்புநீரைப் பனிபோல் தெளிக்கும் துருச் சோதனை) நன்றாகவே நிற்கின்றன. சோதனைக்காகப் பூச்சில் போட்ட கீறல் கோட்டைத் தாண்டித் துரு பரவுவதில்லை. ஆனால் தோல் ஷாப்பில் (தோல் தொழிற்கூடத்தில்) மாட்டிய பிராக்கெட்டுகளில், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் வெல்டிங் ஓரத்தில் கடுகளவு கொப்புளங்கள். ஊசியால் குத்தினால் பழுப்புத் தண்ணீர் வருகிறது, அடியில் இரும்பு கறுத்திருக்கிறது. தட்டையான பரப்பில் ஒன்றுமில்லை.

பூச்சு 70 முதல் 80 மைக்ரான். கிராஸ் கட் ஒட்டுதல் சோதனையும் (பூச்சைக் கட்டம் கட்டமாகக் கீறிப் பார்ப்பது) சரி. பவுடரை மாற்றிப் பார்த்தோம், அடுப்பு வெப்பத்தையும் சரிபார்த்தோம். கூண்டில் 5% உப்பு, 35 டிகிரி, பிஎச் 6.5 முதல் 7.2 வரை. அப்புறம், பாஸ்பேட்டிங்குக்கு (பூச்சுக்கு முன் இரும்பில் பாஸ்பேட் படலம் ஏற்றுவது) பிறகு கடைசி அலசல் போர் தண்ணீரில்தான். இங்கே அது உப்புத் தண்ணீர். எனக்குச் சந்தேகம் அதன்மேல்தான். மாதிரித் தகடுகள் வெளியிலிருந்து பாஸ்பேட் செய்தே வருகின்றன, அவற்றில் வெல்டிங்கும் கிடையாது.

இந்தக் கொப்புளத்தைச் சோதனையிலேயே பிடிக்க, வெல்டிங் உள்ள பிராக்கெட்டையே இதே கூண்டில் வைத்தால் போதுமா, இல்லை நனைத்து உலர்த்தும் சுழற்சிச் சோதனைக்குத்தான் போக வேண்டுமா?