எக்ஸ்-விங் போட்டதும் 7-க்கு இடமே இல்லாமல் போகிறது, ஏன்?

கேள்வி:
சுடோகு கட்டங்களை (வரிசை, நிரல்) என்று குறிக்கிறேன். 2-வது வரிசையில் 7-க்கு இரண்டே இடம்: (2,3), (2,8). 6-வது வரிசையில் (6,3), (6,8), கூடவே (6,9). இது எக்ஸ்-விங் என்ற உத்திக்குப் பொருந்தும் என்று நினைத்து, (6,9)-ஐக் கண்டுகொள்ளாமல் 3, 8 நிரல்களில் பென்சிலில் குறித்திருந்த மற்ற 7 எல்லாவற்றையும் அழித்தேன். பிறகு (2,3), (6,9) இரண்டிலும் 7 விழுந்தது. இப்போது 8-வது நிரலில் 7 வைக்க இடமில்லை. எங்கே தப்பு?

கட்டக்கிறுக்கன்:
(6,9)-தான் வினை. இரண்டு வரிசையிலும் இரண்டே இடம், அதுவும் அதே இரண்டு நிரல்களில் என்றால்தான் எக்ஸ்-விங். அப்போது (2,3)-இல் 7 வந்தால் (6,8)-இல் வந்தாக வேண்டும். (2,8)-இல் வந்தால் (6,3)-இல். எப்படிப் போனாலும் இரு நிரலுக்கும் ஆளுக்கொரு 7 கிடைத்துவிடும். இங்கே 7 மூன்றாவது வழியாக நழுவிவிட்டால் ஒரு நிரல் வெறுங்கையோடு நிற்கும்.

பென்சில்முனை:
ஆனாலும் முழுக்க வீண் இல்லை நண்பரே. இது ஃபின் வைத்த எக்ஸ்-விங். (6,9)-தான் ஃபின், அதாவது கூடுதலாக ஒட்டிக்கொண்ட இடம். அது (6,8) இருக்கும் அதே 3×3 பெட்டிக்குள் இருப்பதால் (4,8), (5,8) இரண்டில் மட்டும் 7-ஐ அழிக்கலாம். ஃபினில் 7 வந்தால் பெட்டி அவற்றைத் தடுக்கும். வராவிட்டால் அது முழு எக்ஸ்-விங், 8-வது நிரல் தடுக்கும். 3-வது நிரலில் கைவைக்காதீர்கள். (6,9)-க்குப் பதில் (6,5) ஃபினாக இருந்தால், அந்தப் பெட்டியில் எக்ஸ்-விங்கின் நான்கு மூலைக் கட்டங்களில் எதுவும் இல்லை; ஒன்றையும் அழிக்க முடியாது.

கேட்டவர்:
ஒரு பெட்டியில் இரண்டே இடம் மிஞ்சினால்தான் பென்சிலில் குறிக்கிறேன். அது போதுமா?

கட்டக்கிறுக்கன்:
போதாது, ஆரம்பக் கட்டத்துக்குத்தான் அது சரி. மூன்று இடம் உள்ள பெட்டி குறிக்கப்படாமலே கிடக்கும். வரிசையில் இரண்டே இடம் இருப்பதுபோல் கண்ணைக் கட்டும். எக்ஸ்-விங் தேடும் முன் அந்த எண்ணுக்காவது 81 கட்டத்திலும் முழுக் குறிப்பு போடுங்கள். ஒரு எண்ணை வைத்ததும் 20 கட்டங்களில் அதன் குறிப்பை அழிக்க வேண்டும்: வரிசையில் 8, நிரலில் 8, பெட்டியில் மீதி 4. அந்த நாலைத்தான் பலரும் விடுவார்கள்.

பென்சில்முனை:
இன்னொன்று: 7-ஐ மட்டும் திரும்ப எழுதினால் தீராது. தப்பாக அழித்த பிறகு வைத்த எண்கள் எல்லாமே சந்தேகம்தான், (2,3)-இல் இருக்கும் 7 உட்பட. அந்த இடம்வரை பின்னோக்கி அழித்துவிட்டுத் தொடருங்கள்.