சின்னவளின் சட்டப் படிப்பு: தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதியிலுள்ள எங்கள் குடும்பக் குழுவில் பேசியது

பீனிக்ஸ் சித்தி:
எல்லோருக்கும் வணக்கம். சின்னவள் பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக் முடித்து இரண்டு வருடமாகக் கடையில் வேலை பார்க்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். சட்டம் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஆனால் வேலையை விட்டுவிட்டு வகுப்புக்குப் போக வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை. அமெரிக்காவிலுள்ள ஓர் இணையக் கல்லூரி, வீட்டிலிருந்தே சட்டப் பட்டம் பெறலாம் என்று எழுதியிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டுமாம். கட்டலாமா?

சாட்ஸ்வொர்த் அக்கா:
சித்தி, இப்போதைக்கு ஒரு ராண்ட் கூடக் கட்டாதீர்கள். அங்கீகாரம் பெறாத இணையச் சட்டக் கல்லூரியில் படித்தவர்களையும் கலிஃபோர்னியா மாநிலம் வழக்கறிஞர் தேர்வு எழுத விடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் முதலாண்டுப் படிப்பு முடிந்ததும் தனியாக ஒரு தேர்வில் தேறியாக வேண்டும். அந்தப் பட்டத்தை அமெரிக்காவின் மற்ற மாநிலங்கள் பலவும் ஏற்பதில்லை. இங்கேயோ 2014ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டப்படி, தென்னாப்பிரிக்காவிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் எல்.எல்.பி. வேண்டும், வெளிநாட்டுப் பட்டமென்றால் அது இதற்கு இணையானது என்று, பட்டங்களை மதிப்பிடும் அரசு அமைப்பான சாக்வா ஏற்றிருக்க வேண்டும். நம் நாட்டுச் சட்டத்தின் அடித்தளம் ரோமன்-டச்சுச் சட்டம். அதைத் தொடாத படிப்பை முடித்துவிட்டு அவள் இங்கே எந்த நீதிமன்றத்தில் நிற்பாள்?

டோங்காட் மாமா:
இந்தியாவில் அஞ்சல் வழியில் பெற்ற சட்டப் பட்டத்தைக் கொண்டு வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது என்று மதுரையிலிருக்கும் நம் உறவினர் சொன்னார். அப்படியானால் வீட்டிலிருந்து படிப்பதே வீண்தானே அம்மா?

சாட்ஸ்வொர்த் அக்கா:
மாமா, அது அங்குள்ள விதி. நம் யுனிசா பல்கலைக்கழகம் 1946 முதல் தொலைநிலையில் கற்பித்து வருகிறது. மண்டேலா சிறையிலிருந்தபடியே 1989இல் எல்.எல்.பி. பெற்றதும் அங்கேதான். அந்தப் பட்டத்துக்கும் வகுப்பில் உட்கார்ந்து பெறும் பட்டத்துக்கும் சட்டம் வேற்றுமை பார்ப்பதில்லை.

நானும் அப்படிப் படித்தவள்தான். நான்கு வருடப் படிப்பை முடிக்க எனக்கு ஏழு வருடம் ஆயிற்று. பிள்ளைகள் தூங்கிய பிறகு, சமையலறை மேசையில் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி, பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரை படிப்பேன். ஒப்பந்தச் சட்டத் தேர்வன்று பாதியில் லோட்ஷெடிங் வந்து மின்சாரம் போய்விட்டது. கைப்பேசி வெளிச்சத்தில் விடைகளை எழுதி முடித்து, அடுத்த வீட்டு ஆச்சியின் ஜெனரேட்டரில் கணினியைச் சொருகி அனுப்பியபோது நான்கு நிமிடமே மிச்சமிருந்தது. அந்த ஆச்சியை நான் இன்றும் மறக்கவில்லை.

பட்டம் வாங்கிய பிறகுதான் உண்மையான கஷ்டம் என்பதையும் அவளிடம் மறைக்கக் கூடாது. ஆர்ட்டிக்கிள்ஸ் செய்ய, அதாவது வழக்கறிஞர் அலுவலகத்தில் பயிற்சி பெற, இடம் தேடி ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தேன். ஓர் அலுவலகத்தில், அஞ்சலில் படித்தவர்களை எடுப்பதில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அன்று பேருந்தில் அழுதுகொண்டே வீடு திரும்பினேன். பிறகு ஒரு சிறிய அலுவலகம் சேர்த்துக்கொண்டது. அங்கே இரண்டு வருடம் வேலை பார்த்து, தகுதித் தேர்வுகளையும் எழுதித் தேறிய பிறகே உயர் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்தேன்.

சின்னவள்:
அக்கா, நான் இதையெல்லாம் இரண்டு முறை படித்தேன். ஏழு வருடமானாலும் பரவாயில்லை. வேலையோடு சேர்த்து ஒரு பருவத்தில் எத்தனை பாடம் எடுத்தால் தாங்கும்?

சாட்ஸ்வொர்த் அக்கா:
முதல் பருவத்தில் இரண்டு போதும், தங்கச்சி. ஐந்து எடுத்துத் தோற்றால் கட்டணமும் போகும், மனமும் உடையும். ஞாயிற்றுக்கிழமை மெட்ரிக் சான்றிதழையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு வா. பட்டப் படிப்பில் சேரும் தகுதியோடு தேறியிருக்கிறாயா என்று அந்தச் சான்றிதழில்தான் முதலில் பார்க்க வேண்டும். என் பழைய பாடநூல்கள் இரண்டு பெட்டி நிறைய இருக்கின்றன.

பீனிக்ஸ் சித்தி:
முன்பணம் கட்டப் போவதில்லை என்று அந்தக் கல்லூரிக்கு இப்போதுதான் எழுதிவிட்டு வந்தேன். ஞாயிறன்று நானும் கூட வருகிறேன். பெட்டிகளைத் தூக்க ஆள் வேண்டுமே.