மூத்தவனுக்கு நிலம், மூன்றாமவனுக்குப் பட்டாளமா?

கேள்வி:
அந்தக் கால இங்கிலாந்தில் மூத்த மகனுக்கு எஸ்டேட், அடுத்தவனுக்குப் பட்டாளம், அதற்கடுத்தவனுக்குத் தேவாலயம் என்று படித்தேன். பிறந்த வரிசையா வேலையைத் தீர்மானித்தது? நானும் வீட்டில் மூன்றாவது, அதனால் மனதை உறுத்துகிறது.

பதில்:
பெரிய குடும்பங்களில் ஏறக்குறைய அப்படித்தான். காரணம் பிள்ளைகளின் குணம் அல்ல, சொத்துச் சட்டம். உயில் இல்லையென்றால் நிலம் முழுக்க மூத்த மகனுக்கு. நிலம் துண்டாகாதபடி பத்திரத்திலேயே கட்டியும் வைத்தார்கள்.

எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது வெல்லெஸ்லி சகோதரர்கள். அயர்லாந்தில் வாழ்ந்த ஆங்கிலேயக் குடும்பம். 1781இல் அப்பா இறந்ததும் பிரபுப் பட்டமும் நிலமும், கூடவே கடனும், மூத்தவர் ரிச்சர்டுக்கு. இரண்டாமவருக்கு உறவினர் ஒருவரின் சொத்து கிடைத்தது. நான்காமவர் பாதிரியார், ஐந்தாமவர் தூதர்.

மூன்றாமவர் ஆர்தர். பணமுடையில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர், 1787இல் பட்டாளத்துக்குப் போனார். வயலின் என்றால் அவருக்கு உயிர். விரும்பிய பெண்ணின் வீட்டார் ‘இவனிடம் என்ன இருக்கிறது’ என்று மறுத்துவிட, 1793இல் வயலினை எரித்துவிட்டதாகச் சொல்வார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கும். அதே வருடம் அண்ணன் கொடுத்த கடனில் லெப்டினன்ட் கர்னல் பதவியை வாங்கினார். ஆமாம், விலைக்குத்தான். 1821 விலைப்படி காலாட்படையின் கடைசிப் படி அதிகாரி பதவிக்கே 450 பவுண்டு. 1871இல்தான் அந்த முறை ஒழிந்தது. அதாவது இளையவன் பட்டாளத்துக்குப் போகவும் மூத்தவனின் கை வேண்டும்.

1799இல் திப்பு சுல்தானின் சீரங்கப்பட்டினக் கோட்டைக்குள் பிரிட்டிஷ் படையை நடத்திப் புகுந்தவர் பெயர்டு என்ற தளபதி. கோட்டைப் பொறுப்போ ஆர்தருக்குப் போனது. அப்போது இந்தியாவில் கவர்னர் ஜெனரல், அண்ணன் ரிச்சர்டு. பிறகு வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெலிங்டன் இந்த ஆர்தர்தான்.

இன்னொருவர்:
அன்றும் இங்கிலாந்து முழுக்க ஒரே வழக்கம் இருக்கவில்லை. கென்ட் பகுதியில் மகன்கள் எல்லோருக்கும் நிலத்தில் சமபங்கு. சில ஊர்களில் கடைக்குட்டிக்கே நிலம். பக்கத்துப் பிரான்சில் 1804 சட்டம் பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கு தந்தது.

கேட்டவர்:
நன்றி. அப்படியானால் பெண்கள்? வெல்லெஸ்லி வீட்டில் ஒரு சகோதரியும் உண்டே.

பதில்:
ஆன். அவருக்கு அந்த வரிசையிலேயே இடமில்லை. எந்த வீட்டிலும், பத்து வயது மூத்த அக்கா இருந்தாலும் நிலம் தம்பிக்குத்தான். மகனே இல்லாத வீட்டில் மட்டும் மகள்கள் சமமாகப் பிரித்துக்கொள்ளலாம். உயில் இல்லாத நிலத்தில் மகனுக்கும் மகளுக்கும் ஒரே உரிமை என்று ஆக்கியது 1925 சட்டம். நடைமுறைக்கு வந்தது 1926 ஜனவரியில்.