தலைக்கவசக் குற்றத்துக்குச் சாவியும் பெட்டிச் சோதனையும் எதற்கு?

வைகைக்கரை:
தலைக்கவசம் அணியாமல் சென்ற என் தம்பியைப் பாலத்தடியில் நிறுத்தினார்கள். அபராதம் 1,000 ரூபாய் என்பதில் எங்களுக்கு மறுப்பே இல்லை. ஆனால் காவலர் முதலில் சாவியை உருவிக்கொண்டு, பிறகு இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டியைத் திறக்கச் சொல்லி, மழைக்கோட்டு, சாப்பாட்டு டப்பா, வங்கிக் கணக்குப் புத்தகம் என எல்லாவற்றையும் சாலையோரத்தில் எடுத்து வைக்கச் செய்தார். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆவது பிரிவு, சீருடையிலுள்ள காவலர் கேட்டால் உரிமத்தைக் காட்ட வேண்டும் என்கிறது. பெட்டியைக் கிளற எந்தப் பிரிவு இடம் கொடுக்கிறது?

ஓய்வுபெற்ற காவலர்:
நிறுத்திய வண்டியைத் திடீரெனக் கிளப்பி, எதிரே நிற்கும் காவலரை இடித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சாவியை வாங்குவது அதனால்தான். சங்கிலி பறிப்பும் கஞ்சாக் கடத்தலும் இரு சக்கர வண்டியிலும் நடக்கின்றன. பொது இடத்தில் போதைப்பொருளைக் கைப்பற்ற 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 43ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. பெட்டியைத் திறக்கவே கூடாது என்றால் நாங்கள் எதைக் கொண்டு தடுப்பது?

நீதிமன்ற வளாகம்:
ஐயா, அந்த 43ஆவது பிரிவு, குற்றம் நடந்ததாக நம்புவதற்குக் காரணம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் தொடங்குகிறது. தலைக்கவசம் இல்லாத தலை கஞ்சாவுக்கான காரணம் ஆகாது. வண்டியையே பிடித்து வைக்க இடம் தரும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 207ஆவது பிரிவும் உரிமமின்மை, வயதுக் குறைவு, பதிவின்மை, பெர்மிட் மீறல் போன்றவற்றைத்தான் சொல்கிறது. தலைக்கவசம் அந்த வரிசையில் இல்லை. அதற்கென 2019 திருத்தம் சேர்த்த 206(4) வேறு வழியைக் காட்டுகிறது: ஓட்டுநர் உரிமத்தைக் கைப்பற்றி, ஒப்புகைச் சீட்டுக் கொடுத்து, உரிமம் வழங்கிய அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். இது அபராதத்தைவிடக் கடுமையானது, ஏனெனில் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது. இவ்வளவு அதிகாரத்தைச் சட்டமே கொடுத்திருக்கும்போது, கொடுக்காத ஒன்றை ஏன் கையிலெடுக்க வேண்டும்? சந்தேகத்துக்கு உண்மையான காரணம் இருந்தால் தாராளமாகச் சோதியுங்கள்; ஆனால் 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆவது பிரிவின்படி அதை ஒலி, ஒளியோடு பதிவு செய்யுங்கள்.

ஓய்வுபெற்ற காவலர்:
பதிவு செய்வதை நான் வரவேற்கிறேன். பொய்ப் புகாரிலிருந்து அது எங்களையும் காக்கும். சாவி விஷயத்தில் மட்டும் உடன்பட மாட்டேன். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது உள்ளவரிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்தால், அவர் அடுத்த தெருவில் யார் மீதாவது ஏற்றினால் பொறுப்பு யாருடையது?

வைகைக்கரை:
குடிபோதையில் ஓட்டியவரைப் பிடியாணையின்றிக் கைது செய்யவும், அப்போது வண்டியைத் தற்காலிகமாக அப்புறப்படுத்தவும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 202ஆவது பிரிவு உங்களுக்கு இடம் தருகிறது, ஐயா. அங்கே சாவியை வாங்குங்கள், நானும் உங்கள் பக்கம்தான். என் தம்பி மது அருந்தவில்லை, ஓடவும் முயலவில்லை, கேட்ட உரிமத்தை உடனே நீட்டினான். அவனுடைய சாவியை எடுத்ததற்கான பிரிவைத்தான் நான் கேட்டேன். அதை நீங்கள் இன்னும் சொல்லவில்லை.