கூடைப்பந்து ஒளிபரப்பு: ஆட்டத்தைச் சொல்கிறார்களா, அரட்டை அடிக்கிறார்களா?

பிக்_அண்ட்_ரோல்_பித்தன்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ஒளிபரப்பு கைமாறிவிட்டது. 2024 ஜூலையில் போட்ட ஒப்பந்தம், 11 ஆண்டு, சுமார் 7,600 கோடி டாலர். டிஸ்னி, என்பிசி, அமேசான் மூவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். 2025-26 சீசனில் இருந்து புது ஸ்டூடியோ, புது முகங்கள். இவ்வளவு பணம் கொட்டியும் என் பழைய புலம்பல் மட்டும் மாறவில்லை: திரையில் ஒன்று ஓடுகிறது, வர்ணனையில் வேறு ஒன்று ஓடுகிறது.

ஓர் உதாரணம். அண்மையில் பார்த்த ஆட்டம். சேனல் பெயர் வேண்டாம். நான்காவது குவார்ட்டர், மூன்று புள்ளி வித்தியாசம். அதுவரை ஸ்கிரீன் (பந்து வைத்திருப்பவரைத் துரத்தும் எதிராளியை உடம்பால் மறித்து நிற்பது) வைக்கும்போதெல்லாம் வளையத்தின் பக்கம் பின்வாங்கி நின்ற எதிரணி சென்டர் (வளையத்தருகே காவல் நிற்கும் உயரமானவர்), முதல்முறையாக மேலே ஏறி வந்து பந்து வைத்திருந்தவரை மறித்தார். மறிக்கப்பட்டவர் தடுமாறிப் பந்தைப் பக்கவாட்டில் தள்ள, அது இன்னொரு கை மாறி மூலைக்குப் போக, அங்கே ஆளில்லாமல் நின்றவர் மூன்று புள்ளி அடித்தார். ஆட்டம் திரும்பியது அந்த இடத்தில்தான். வர்ணனையாளர்கள் இருவரும் அப்போது என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் தெரியுமா? வேறொரு அணியின் நட்சத்திரம் கோடையில் டிரேட் (வேறு அணிக்குக் கைமாற்றம்) ஆவாரா மாட்டாரா என்று. பந்து விழுந்ததும் "அருமையான ஷாட்!" என்று ஒரு கத்தல், மறுபடி அதே டிரேட் பேச்சு. அந்த மூலை ஏன் காலியானது என்று யாரும் சொல்லவில்லை. ரீப்ளேயிலும் பந்து விழுவதை மட்டும் காட்டினார்கள்.

எனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறதா?

ஆறுமணி_ஆட்டம்

உங்களுக்கு மட்டும்தான் சார் :)

சீரியஸாகவே சொல்கிறேன். நீங்கள் பார்ப்பது பாடம். என்னைப் போன்றவர்கள் பார்ப்பது பொழுதுபோக்கு. ஓர் அணிக்கு 82 ஆட்டம். நவம்பர் மாதம் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை 18 புள்ளி பின்தங்கிக் கிடக்கும் அணியின் டிஃபென்ஸைப் பற்றி இரண்டேகால் மணி நேரம் வகுப்பெடுத்தால் யார் உட்காருவார்கள்?

நான் சென்னையில் காலை ஆறு மணிக்கு எழுந்து பார்க்கிறவன். என்னை இந்த விளையாட்டுக்குள் இழுத்ததே முன்னாள் வீரர் சார்ல்ஸ் பார்க்லியின் வாய்தான். டிஎன்டியின் "இன்சைட் தி என்பிஏ" ஸ்டூடியோ நிகழ்ச்சியில் எர்னி ஜான்சன் நடுவில் பொறுமையாக உட்கார்ந்திருக்க, கென்னி ஸ்மித் எதையோ விளக்க வர, பார்க்லியும் ஷக்கும் (ஷக்கீல் ஓனீல்) ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டிருப்பார்கள். டிஎன்டி சேனல் என்பிஏ உரிமையை இழந்துவிட்டது. ஆனால் அந்த நிகழ்ச்சி இன்றும் இருக்கிறது: பழைய ஆட்களே அட்லாண்டாவில் தயாரிக்க, டிஸ்னியின் ஈஎஸ்பிஎன் வாங்கி ஒளிபரப்புகிறது. ஆட்டம் கைவிட்டுப் போன சேனல் அரட்டையை மட்டும் காப்பாற்றி வைத்திருக்கிறது. எதற்கு மவுசு என்று இதிலேயே தெரியவில்லையா?

பிக்_அண்ட்_ரோல்_பித்தன்

தம்பி, ஸ்டூடியோவையும் மைதானத்தையும் போட்டுக் குழப்பாதீர்கள். இடைவேளையில் பார்க்லி என்ன வேண்டுமானாலும் பேசட்டும், நானும் சிரிக்கத்தான் செய்கிறேன். பந்து உயிரோடு இருக்கும்போது பேசுகிறவர்களைப் பற்றித்தான் என் வழக்கு.

பழைய_பச்சை

தேசிய சேனல்களைப் பார்க்கிறீர்கள், அதுதான் உங்கள் நோய். உள்ளூர் ஒளிபரப்புக்கு வாருங்கள். பாஸ்டனில் செல்டிக்ஸ் அணியின் ஆட்டத்துக்கு மைக் கோர்மனும் டாமி ஹைன்சோனும் வர்ணனைக்கு உட்கார்ந்தால் அது வீட்டுத் திண்ணை மாதிரி. ஹைன்சோன் ஆட்டக்காரராக 8 பட்டம், பயிற்சியாளராக 2 பட்டம் வென்றவர். யார் பந்துக்காகத் தரையில் விழுந்து புரண்டார், யார் இரண்டாவது முறையும் ரீபவுண்டுக்கு (வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்துக்கு) எகிறினார் என்று பார்த்து "டாமி பாயிண்ட்" கொடுப்பார். ஸ்கோர் அட்டையில் வராத உழைப்பு அது. ஒரே அணியைப் பல்லாண்டு பார்த்த கண்ணுக்குத்தான் அது தெரியும். இன்று இந்த ஊர், நாளை அந்த ஊர் என்று பறக்கிறவருக்கு எட்டாவது ஆட்டக்காரரின் பெயரைச் சரியாக உச்சரிப்பதே பெரும்பாடு.

2020இல் ஹைன்சோன் போய்ச் சேர்ந்தார். 2024இல் கோர்மனும் ஓய்வு பெற்றார். அதன்பிறகு எனக்கு ஆட்டம் பார்ப்பதில் உப்பு கொஞ்சம் குறைச்சல்தான்.

ஆறுமணி_ஆட்டம்

ஐயா, ஹைன்சோன் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அவர் கண்ணில் செல்டிக்ஸ் வீரர் யாராவது என்றைக்காவது ஃபவுல் செய்திருக்கிறாரா? காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. நடுவரைத் திட்டுவதைக் கேட்கத்தான் உள்ளூர் ஒளிபரப்பு என்றால், அதற்கு என் சித்தப்பா போதும்.

பழைய_பச்சை

திட்டுவதிலும் ஒரு நேர்மை இருக்கிறது தம்பி. நான் இந்தக் கட்சி என்று சொல்லிவிட்டுத்தான் திட்டுவார். நடுநிலை என்று சொல்லிக்கொண்டு நட்சத்திரம் இருக்கிற பக்கமே சாய்கிறவர்களை விட இது மேல்.

டொராண்டோ_பெடியன்

பச்சை ஐயாவின் கட்சிதான் நானும். பாஸ்டன் ஆளோடு ஒத்துப்போக வேண்டி வந்தது என் விதி.

எங்கட டொராண்டோ ராப்டர்ஸ் அணிக்கு வர்ணனையாளராக ஜாக் ஆம்ஸ்ட்ராங் இருக்கிறார். புரூக்ளின்காரர், ஆனால் இங்கே வளர்ந்த எங்கட பிள்ளைகளுக்கு அவரின் குரல்தான் கூடைப்பந்து. ராப்டர்ஸ் வீரர் ஒரு ஷாட்டைத் தட்டிவிட்டால் "அந்தக் குப்பையை அள்ளிக்கொண்டு போ" என்று கத்துவார். என் மருமகன் வீட்டுக்குள் பலூன் தட்டும்போதும் அதையே கத்துகிறான்.

ஆனால் பித்தன் அண்ணை சொல்லுறதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. 2019 மே 12, பிலடெல்பியாவோடு பிளேஆஃப் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம், 90-90, மிச்சம் 4.2 நொடி. எங்கட கவாய் லெனார்ட் மூலைக்கு ஓடி, எதிரணி எம்பீடின் நீட்டின கைக்கு மேலாலே பந்தை விட்டார். பந்து வளையத்தில் நான்கு தரம் குதித்தது. பேஸ்மெண்டில் கனபேர் இருந்தோம், ஒருவரும் மூச்சு விடவில்லை. உள்ளே விழுந்த பிறகு வர்ணனையாளர் மேட் டெவ்லின் ஆட்டம், தொடர், டொராண்டோ வென்றது என்று அந்த அளவிலே கத்தினார். குதிக்கிற அந்த நேரத்தில் யாராவது வியாக்கியானம் சொல்லியிருந்தால் டிவியை உடைத்திருப்பேன். எப்ப வாயை மூட வேண்டும் என்று தெரிவதும் வர்ணனைதான்.

நிலா_மூன்றுபுள்ளி

எல்லாரும் ஆண் குரல்களின் நினைவுகளிலேயே மூழ்கிவிட்டீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன்.

டோரிஸ் பர்க். 1990இல் ப்ராவிடன்ஸ் கல்லூரிப் பெண்கள் ஆட்டத்துக்கு வானொலியில் பேசத் தொடங்கியவர். 2024 என்பிஏ இறுதித் தொடரில் தொலைக்காட்சி அனலிஸ்ட் (ஆட்டத்தை அலசிச் சொல்பவர்) நாற்காலியில் உட்கார்ந்தார். அமெரிக்காவின் பெரிய ஆண்கள் லீக்குகளின் இறுதித் தொடரில் அப்படி உட்கார்ந்த முதல் பெண். 2025 இறுதித் தொடரிலும் அவர்தான். அது முடிந்ததும் ஈஎஸ்பிஎன்னின் முதன்மைக் குழுவில் இருந்து நகர்த்திவிட்டார்கள்.

பித்தன் சார் கேட்பதைத்தான் அவர் செய்தார்: யார் யாரை மறித்தார், எந்த ஸ்விட்ச் (யார் யாரைக் காவல் காப்பது என்று மாற்றிக்கொள்வது) தப்பாகப் போனது. அதற்குக் கிடைத்த பதில் என்ன? "குரல் காதைக் குத்துகிறது." அதே சேனலில் முன்பு பேசிய ஜெஃப் வான் கண்டி நடுவர் விதிகளில் தொடங்கி எங்கெங்கோ சுற்றிவிட்டு வருவார், அதை "சுவாரசியமான மனுஷன்" என்று ரசித்தீர்கள். ஆட்டத்தைப் பற்றிப் பேசினால் போதும் என்கிறீர்கள். அந்தப் பேச்சு ஒரு பெண்ணிடமிருந்து வந்தபோது போதவில்லையே?

பழைய_பச்சை

நியாயமான கேள்வி அம்மா. என் வீட்டிலேயே அந்தப் பேச்சு நடந்தது, நானும் தலையாட்டினேன். ஆனால் ஒன்று. இறுதிக் குழுவில் மூவருக்குள் ஒட்டுறவு உருவாகவே இல்லை. மைக் ப்ரீன், வான் கண்டி, மார்க் ஜாக்சன் மூவரும் பல இறுதித் தொடர்கள் சேர்ந்து பேசியவர்கள். 2023 கோடையில் இருவரை அனுப்பிவிட்டார்கள். பிறகு டாக் ரிவர்ஸ் வந்தார், சீசன் நடுவிலேயே மில்வாக்கிக்குப் பயிற்சியாளராகப் போனார். ஜேஜே ரெடிக் வந்தார், 2024 இறுதித் தொடர் முடிந்த கையோடு லேக்கர்ஸ் அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். அப்புறம் ரிச்சர்ட் ஜெஃபர்சன். இப்போது பர்க்கின் இடத்தில் டிம் லெக்லர். வாடகை வீடு மாதிரி ஆள் மாறிக்கொண்டே இருந்தால் குடும்பம் எங்கே நடக்கும்?

நிலா_மூன்றுபுள்ளி

அதைத்தான் நானும் சொல்கிறேன். மாற்றியவர்கள் மேலிடத்தில், பழி மைக்குக்கு முன்னால் இருந்தவர் மேல்.

பிக்_அண்ட்_ரோல்_பித்தன்

நிலா சொன்னது சரி. பர்க் விஷயத்தில் நான் வாய் திறக்காமல் இருந்தது என் தப்பு.

ரெடிக் பெயர் வந்ததால் கேட்கிறேன். 2024 மார்ச்சில் அவரும் லெப்ரான் ஜேம்ஸும் உட்கார்ந்து ஆட்ட நுணுக்கம் மட்டுமே பேசும் பாட்காஸ்ட் தொடங்கினார்கள். பார்க்லியும் இல்லை, சண்டையும் இல்லை. அதற்கும் கூட்டம் கூடியது. ரெடிக் பயிற்சியாளராகப் போனபின் ஸ்டீவ் நாஷை வைத்துத் தொடர்ந்தார்கள். ஆறுமணித் தம்பி, "யார் உட்காருவார்கள்" என்று கேட்டீர்களே, இதோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொருவர் ஹூபி பிரவுன். 2025 பிப்ரவரியில் 91 வயதில் கடைசி ஆட்டம் சொன்னார், மில்வாக்கியில். 1972இல் உதவிப் பயிற்சியாளராக என்பிஏவுக்குள் நுழைந்ததும் அதே ஊரில்தான். அவர் பேச்சின் அழகு என்னவென்றால், பார்க்கிறவனைப் பயிற்சியாளராக்கிவிடுவார். "நீங்கள் இரண்டு புள்ளி பின்னால் இருக்கிறீர்கள், கையில் ஒரு டைம் அவுட் இருக்கிறது, இப்போது என்ன செய்வீர்கள்" என்கிற தோரணை. சோபாவில் முறுக்கு கடித்துக்கொண்டிருக்கும் நான் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன்.

ஆறுமணி_ஆட்டம்

ஹூபி பிடிக்காதவர் யார்? நான் சொல்ல வருவது வேறு. கிரிக்கெட்டில் பந்து போட்டவர் திரும்பி நடந்து போகிற நேரம் முழுக்க அனலிஸ்டுக்குச் சொந்தம். கபடியில்கூட ஒரு ரெய்டு முடிந்தால் மூச்சு விட இடம் உண்டு. இங்கே 24 நொடி ஷாட் கிளாக், ஓர் அணி அதற்குள் ஷாட் அடித்தாக வேண்டும். அதற்குள் ஷாட், ரீபவுண்டு, எதிர்த்தாக்குதல். நீங்கள் "சென்டர் மேலே ஏறியதால்" என்று வாயெடுப்பதற்குள் அந்தப் பக்கம் ஒரு டங்க் விழுந்துவிடும். பாட்காஸ்டில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, வட்டம் போட்டுக் காட்டலாம். நேரலையில் முடியுமா?

பிக்_அண்ட்_ரோல்_பித்தன்

முடியும். ஃப்ரீ த்ரோ எதற்கு இருக்கிறது? நடுவர்கள் மானிட்டர் முன்னால் நின்று தலையைச் சொறிகிற நேரம் எதற்கு இருக்கிறது? 2019-20இல் பயிற்சியாளர் சேலஞ்ச் (நடுவர் தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்வது) வந்தபிறகு அந்த நேரம் இன்னும் கூடியிருக்கிறது. அங்கே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ராப் பாடகரைக் காட்டுகிறார்கள்.

ஓடும்போதும் முடியும் என்பதற்கு ப்ரீனே சாட்சி. 2013 இறுதித் தொடர், ஆறாவது ஆட்டம். மயாமி மூன்று புள்ளி பின்னால். எதிரணிக்குக் கோப்பை கொடுக்க மைதானத்தைச் சுற்றி மஞ்சள் கயிறே கொண்டுவந்துவிட்டார்கள். லெப்ரான் அடித்தது வெளியே போனது. ரீபவுண்டு பாஷ், வெளியே ஆலனுக்கு, பிறகு ப்ரீன் கத்தும் அந்த "பேங்!" அவ்வளவுதான். யார் எடுத்தார், யாரிடம் போனது, என்ன ஆனது: மூன்றும் அந்தச் சில நொடிக்குள் வந்துவிட்டன. கீழே குனிந்து பார்க்காமலே ரே ஆலன் பின்வாக்கில் அடி வைத்து மூன்று புள்ளிக் கோட்டைத் தாண்டியதை ரீப்ளேயில் பார்த்துக்கொள்ளலாம். அவரவர் வேலையை அவரவர் செய்தால் நேரம் போதும்.

டொராண்டோ_பெடியன்

என்பிசி திங்கட்கிழமைகளில் தன் பீகாக் ஸ்ட்ரீமிங் சேவையில் புதுசாக ஒன்று செய்கிறது, பார்த்தீர்களா? இரண்டு அனலிஸ்டுகளை இரண்டு அணிகளின் பெஞ்சுக்குப் பக்கத்தில் ஆளுக்கொருவராக இருத்திவிட்டு, ஆட்டம் சொல்லுறவர் நடுவில். பயிற்சியாளர் என்ன கத்துகிறார் என்று பக்கத்தில் இருந்தே சொல்லலாம். மூன்று பேர் ஒரே மேசையில் இருந்து பகிடி விடுகிறதை விட இது வடிவாக இருக்கிறது. அண்ணைக்குப் பிடிக்கும்.

ஆறுமணி_ஆட்டம்

என்பிசி என்றால் எனக்கு அதன் பழைய என்பிஏ மெட்டு திரும்பி வந்தது போதும். அதை இசையமைத்த ஜான் டெஷ்ஷுக்குப் பிரான்சில் ஹோட்டல் அறையில் இருந்தபோது தோன்றியதாம். மறந்துவிடாமல் இருக்க தன் வீட்டு ஆன்சரிங் மெஷினுக்கே போன் போட்டு வாயால் பாடிப் பதிந்தாராம். அது ஒலித்தால் எனக்குக் காலைத் தூக்கம் கலைகிறது. அனலிஸ்ட் எங்கே உட்கார்ந்தால் என்ன.

நிலா_மூன்றுபுள்ளி

பித்தன் சார், இவ்வளவு நொந்துபோய் எப்படித்தான் பார்க்கிறீர்கள்? ஒலியை அணைத்துவிட்டா?

பிக்_அண்ட்_ரோல்_பித்தன்

அதையும் செய்து பார்த்தேன் அம்மா. டிவியை மியூட்டில் போட்டு, போனில் வானொலி வர்ணனை வைத்தேன். வானொலிக்காரருக்குப் படம் கிடையாது, அதனால் எல்லாவற்றையும் சொல்லியே ஆக வேண்டும். பந்து எங்கே, எத்தனை நொடி, யார் ஸ்கிரீன் வைத்தார் என்று தேன் மாதிரி இருந்தது.

ஒரே சிக்கல். என் ஸ்ட்ரீமிங் வானொலியை விட அரை நிமிடம் பின்னால் வருகிறது. திரையில் ஆள் டிரிபிள் செய்துகொண்டிருக்கும்போதே காதில் ஷாட் விழுந்து முடிந்துவிடுகிறது.

ஆறுமணி_ஆட்டம்

ஆக, படத்தில் ஒன்று, பேச்சில் வேறொன்று. கையில் காசு கொடுத்து நீங்களே அதை வாங்கியிருக்கிறீர்கள் சார் :))

பிக்_அண்ட்_ரோல்_பித்தன்

சிரிக்காதீர்கள். வானொலியை அரை நிமிடம் நிறுத்தி வைத்து ஓட்ட ஒரு ஆப் இருக்கிறதாம். யாருக்காவது பெயர் தெரிந்தால் இங்கே போடுங்கள்.