ஜர்னி இன்டு மிஸ்டரி 62: அது ஹல்க்கே இல்லை

பழுப்புத்தாள்:
ஒற்றைக்கண்ணன் நேற்றுப் போட்ட படத்தைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நியூயார்க் காமிக்ஸ் கன்வென்ஷனில் 1960 நவம்பர் மாத ஜர்னி இன்டு மிஸ்டரி என்ற மார்வெல் காமிக்ஸின் 62ஆம் இதழை வாங்கினாராம், சந்தோஷம். ஆனால் "ஹல்க்கின் முதல் இதழ் இதுதான், 1962இல் வந்தது அதற்குப் பிறகுதான்" என்று எழுதியிருக்கிறார். விற்றவர் உறை மேல் ஒட்டிய மஞ்சள் ஸ்டிக்கரிலும் அதே வாசகம். ஐயா, அது ஹல்க் இல்லை. வேற்றுக்கிரகத்திலிருந்து வந்து, மனிதர்களை வசியம் பண்ணித் தனக்கு விண்கலம் கட்ட வைக்கிற, உடம்பெல்லாம் மயிர் மண்டிய ராட்சசன். பெயர் ஸெம்னு. ஹல்க்காக மாறுகிற புரூஸ் பேனர் கிடையாது, அவனை மாற்றிய காமா குண்டு கிடையாது. ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் புடலங்காய் பூசணிக்காய் ஆகிவிடுமா?

ஒற்றைக்கண்ணன்:
அட்டையைப் பாருங்கள் சார். ஹல்க் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. உள்ளே கதைத் தலைப்பிலும் ஹல்க். 1961 மார்ச்சில் 66ஆம் இதழில் திரும்பி வந்தபோதும் ஹல்க்தான். வரைந்தவர் ஜாக் கிர்பி. வெளியிட்டது அதே கம்பெனி. இன்னும் என்ன வேண்டும்? எனக்கு அட்டைதான் சாட்சி.

பழுப்புத்தாள்:
அட்டை, அட்டை! எங்கள் தெருவில் நாலு முருகேசன் இருக்கிறார்கள், நாலு பேரும் ஒரே ஆளா? 1970களில் இதே கதையை மறுபடி அச்சிட்டபோது மார்வெலே ஹல்க் என்ற பெயரை எடுத்துவிட்டு டைட்டன் என்று மாற்றியது. ஏன் மாற்றினார்கள்? அதற்குள் நிஜ ஹல்க் பெரிய ஆளாகிவிட்டான், இவன் அவன் இல்லை. பெற்ற தாயே இது என் பிள்ளை இல்லை என்று சொன்ன பிறகு பக்கத்து வீட்டுக்காரர் என்ன சாதிக்கிறீர்கள்? 1972இல் மார்வெல் ஃபீச்சர் 3ஆம் இதழில் டிஃபென்டர்ஸ் குழுவோடு பச்சை ஹல்க்கும் ஸெம்னுவும் ஒரே கதையில் மோதுகிறார்கள். ஒரே ஆளாக இருந்தால் தன்னோடு தானே சண்டை போட்டானா?

ஸ்டேப்பிள்பின்:
ஓவர்ஸ்ட்ரீட் விலைக்கையேட்டில் அந்த இதழை 'முன்மாதிரி' என்று குறித்திருக்கிறார்கள். நடுவில் ஒரு வழி இருக்கிறது என்று சொல்ல வந்தேன்.

பழுப்புத்தாள்:
முன்மாதிரி வேறு, முதல் வருகை வேறு தம்பி. முன்மாதிரி என்பது வியாபாரிகளுக்குக் கிடைத்த அல்வாத் துண்டு. அந்த ஒரு சொல்லை வைத்து எத்தனை பேர் எத்தனை ராட்சச இதழ்களின் விலையை ஏற்றினார்கள் என்று எனக்குத் தெரியும். இருபது வருஷமாக மேசை மேசையாகப் பெட்டி கிளறிய கை இது.

ஒற்றைக்கண்ணன்:
இருபது வருஷம் பெட்டி கிளறியவர்தான் எனக்கு ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ் 89 விற்றார். ஃபின் ஃபாங் ஃபூம் என்ற டிராகன் ராட்சசனின் முதல் கதை, 1961 அக்டோபர். "முதுகு சுத்தம், கைபடாத பிரதி" என்று சத்தியம் பண்ணினார். வீட்டில் விளக்கடியில் வைத்துப் பார்த்தால் முதுகுக் கோட்டில் பேனா மை தடவியிருக்கிறது. தரம் பார்க்க அனுப்பினேன், ஒட்டுவேலை பார்த்த பிரதி என்று காட்டும் ஊதா லேபிளோடு திரும்பி வந்தது. அந்த ஊதா லேபிளை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறேன், மறக்கக் கூடாது என்று. இவர் எனக்கு எது அசல் எது போலி என்று பாடம் எடுக்கிறார்.

பழுப்புத்தாள்:
அது எனக்கு முன்னால் வைத்திருந்தவர் பண்ணிய வேலை, அன்றைக்கே சொன்னேன். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன், நீங்கள்தான் வேண்டாம் என்றீர்கள். அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். ஸெம்னுவுக்கும் ஹல்க்குக்கும் என்ன சம்பந்தம்?

ஒற்றைக்கண்ணன்:
அட்டையில் ஹல்க் என்று இருக்கிறது.

மண்டையோடு:
இரண்டு பேரும் குழந்தைப் புத்தகத்துக்குச் சண்டை போடுகிறீர்கள். 1954க்கு முன்னால் வந்த ஈசி கம்பெனியின் திகில் காமிக்ஸ் கையில் எடுத்துப் பாருங்கள், ராட்சசன் என்றால் என்னவென்று தெரியும். அமெரிக்க செனட் விசாரணை நடந்து, காமிக்ஸ் கோட் என்ற தணிக்கை விதிகள் வந்து, தலைப்பில் 'ஹாரர்' என்ற சொல்லே கூடாது, ரத்தக்காட்டேரி கூடாது, ஓநாய் மனிதன் கூடாது என்று எல்லாவற்றையும் துடைத்த பிறகு மிஞ்சியதுதான் உங்கள் வேற்றுக்கிரக பொம்மைகள்.

பழுப்புத்தாள்:
பொம்மைகளா? கோட் கையைக் கட்டிப் போட்டதால்தான் கிர்பியும் இன்னொரு ஓவியர் டிட்கோவும் கல்லிலும் மரத்திலும் சேற்றிலும் ராட்சசர்களைப் பிறப்பித்தார்கள். அதே 1960 நவம்பரில் டேல்ஸ் டு அஸ்டோனிஷ் 13இல் வந்த குரூட் என்ற மரம் இன்றைக்கு உலகத்துக்கே தெரியும். 1971இல் கோட் தளர்ந்த பிறகு டிராகுலா வந்தான், சரி, வரட்டும். ஆனால் எனக்குப் பிடித்தது இந்தப் பத்து சென்ட் இதழ்கள்தான். என்னிடம் இருக்கும் 62ஐ இப்போதுதான் மைலார் உறையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வலது ஓரம் முழுக்க எலி கடித்த மாதிரி பொடிப் பொடியாக உதிர்ந்திருக்கிறது. அந்தக் காலத்து மார்வெல் இதழ்கள் பலவற்றில் இது இருக்கும், அச்சகத்தில் மழுங்கிய கத்தியால் வெட்டியதால் வந்தது. கீழ் ஸ்டேப்பிள் துருப்பிடித்துத் தாளில் காவி வட்டம் போட்டிருக்கிறது. திறந்தால் பழைய வாசகசாலை வாசனை. இதை நான் ஸெம்னுவுக்காகத்தான் வாங்கினேன். அவனுக்கு இன்னொருத்தன் பெயரில் பெருமை தேட வேண்டியதில்லை. அதுதான் எனக்கு வலிக்கிறது.

ஸ்டேப்பிள்பின்:
62 உங்களிடமும் இருக்கிறதா! சொல்லவே இல்லையே.

ஒற்றைக்கண்ணன்:
ஆக, விஷயம் இதுதான். என் பிரதி அவருடையதைவிட நல்ல நிலையில் இருக்கிறது, ஓரம் உதிரவில்லை, தரம் பார்த்து பிளாஸ்டிக் பெட்டியில் மூடியிருக்கிறது. அது பொறுக்கவில்லை.

பழுப்புத்தாள்:
பெட்டியில் மூடிய புத்தகத்தை எப்படிப் படிப்பீர்கள்? உள்ளே ஸெம்னு என்ன பேசுகிறான் என்று ஒரு வரி சொல்லுங்கள் பார்ப்போம். படித்திருந்தால் ஹல்க் என்று சொல்லியிருக்கவே மாட்டீர்கள். அட்டையை மட்டும் பார்க்கிறவருக்கு அட்டைதான் சாட்சியாகும்.

மண்டையோடு:
பெட்டி விஷயத்தில் பழுப்புத்தாள் பக்கம் நான். 2000இல் தரம் பார்த்துப் பெட்டியில் மூடுகிற சிஜிசி கம்பெனி வந்ததிலிருந்து கன்வென்ஷனில் புத்தகத்தைத் தொட்டுப் பார்க்கக்கூட முடிவதில்லை. இந்த முறை நான் போன அரங்கில் பழைய இதழ் மேசைகளைக் கடைசி மூலைக்குத் தள்ளிவிட்டார்கள், பொம்மைக் கடைகளையும் சினிமா நடிகர் கையெழுத்து வரிசையையும் தாண்டிப் போகவே முக்கால் மணி நேரம்.

ஸ்டேப்பிள்பின்:
மூடாமல் விட்டால் தாள் நொறுங்கிப் போகும் அண்ணே. செய்தித்தாள் காகிதம், அமிலம் உள்ளே இருந்தே தின்கிறது.

மண்டையோடு:
பிளாஸ்டிக்குக்குள் மூடினால் உள்ளே இருக்கிற அமிலம் வெளியே ஓடிவிடுமா? என் ஈசி இதழ்கள் அறுபது வருஷம் ஒரு மர அலமாரியில்தான் இருந்தன, இன்னும் வளைத்தால் ஒடியவில்லை.

ஒற்றைக்கண்ணன்:
பேச்சை மாற்ற வேண்டாம். அட்டையில் ஹல்க் என்று இருக்கிறதா இல்லையா? ஆமாம் அல்லது இல்லை.

பழுப்புத்தாள்:
இருக்கிறது. அது ஹல்க் இல்லை. அடுத்த கன்வென்ஷனுக்கு 62ஐயும் 1962 மே மாத ஹல்க் முதல் இதழின் மறுபதிப்பையும் கொண்டு வருகிறேன். முதல் இதழில் அவன் சாம்பல் நிறம், இரண்டாவதில்தான் பச்சை, அதையும் காட்டுகிறேன். ஞாயிறு மத்தியானம், கடைசி வரிசை மேசை. நீங்களும் உங்கள் பிளாஸ்டிக் பெட்டியோடு வாருங்கள்.

ஒற்றைக்கண்ணன்:
வருகிறேன். ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ் 89க்குக் கொடுத்த பணத்தையும் எடுத்து வையுங்கள், இப்போது வேண்டும்.