போலோ ஜிடி டிஎஸ்ஐ: நாலு ஷாக் அப்சார்பரும் (ஷாக்) மாற்ற வேண்டும். பில்ஸ்டைன் பி6-ஆ, கம்பெனி ஷாக்கே போதுமா?

ஈரோட்டு_டிஎஸ்ஐ
வணக்கம். என்னுடையது 2014 போலோ ஜிடி டிஎஸ்ஐ. ஓட்டம் 90,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. பின்னால் இடது ஷாக்கில் ஆயில் வழிந்து, அதன்மேல் புழுதி படிந்து சேறுபோல அப்பியிருக்கிறது. முன் டயரில் கையைத் தடவினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படுகிறது. பைபாஸில் 100-ஐத் தொட்டால், பாலத்து இணைப்பு ஒவ்வொன்றுக்கும் கார் குதித்து, அடங்காமல் இரண்டு மூன்று தடவை ஆடுகிறது. ஸ்பிரிங் கம்பெனியில் வந்ததுதான், காரின் உயரத்தை இறக்கும் எண்ணம் இல்லை. வாரநாளில் கோவை வரை ஹைவே, லீவு கிடைத்தால் ஏற்காடு அல்லது வால்பாறை. வீட்டாரும் உடன் வருவார்கள். பில்ஸ்டைன் என்ற ஜெர்மன் கம்பெனியின் பி6 ஷாக்கா, காரோடு வந்ததுபோன்ற கம்பெனி ஷாக்கா, எதைப் போடலாம்?

கொண்டைஊசி_40
யோசிக்கவே வேண்டாம், பி6. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி. 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் உள்ள காரை வைத்துக்கொண்டு அங்கே மெத்தைபோல ஆடுகிற ஷாக்கில் ஏறுவது பாவம். பி6 ஒற்றைக்குழாய் ஷாக். ஆயிலுக்கும் வாயுவுக்கும் நடுவே மிதக்கும் பிஸ்டன் ஒன்று தடுப்பாக இருக்கிறது, வாயு சுமார் 20 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். அதனால் ஆயில் நுரைக்காது. சூடும் நேராகக் குழாய் வழியே காற்றுக்குப் போய்விடும். கம்பெனியில் வருவது இரட்டைக்குழாய். விடாமல் வேலை கொடுத்தால் உள்ளே ஆயில் நுரைத்து, ஆட்டத்தை அடக்கும் பிடிமானம் விட்டுப்போகும். பில்ஸ்டைன் 1957-லேயே மெர்சிடிஸுக்கு இந்த ஒற்றைக்குழாய் ஷாக்கைக் கொடுத்த கம்பெனி.

பழைய_ஃபிட்டர்
1957-ல் மெர்சிடிஸ் ஓடிய ரோட்டில் பெருந்துறை சர்வீஸ் ரோட்டுப் பள்ளம் இருந்திருக்காது, தம்பி.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 90,000 ஓடித் தேய்ந்த ஷாக்கைக் கழற்றிவிட்டு எந்தப் புது ஷாக்கைப் போட்டாலும் கார் புதுசாகத்தான் தெரியும். பி6 போட்டவர்கள் சொல்லும் "அப்படியே மாறிப்போச்சு" என்பதில் முக்கால்வாசி அதுதான். புதுக் கம்பெனி ஷாக்கையும் பி6-ஐயும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுபவர் எத்தனை பேர்?

அப்புறம் இந்த நுரை விஷயம். ஷாக் நுரைக்க வேண்டுமென்றால் சக்கரம் இடைவிடாமல் வேகமாக மேலும் கீழும் அடிக்க வேண்டும். ராலி ஸ்டேஜில், ஜல்லி ரோட்டில் நடக்கும். தார் போட்ட மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு பாடி சாய்கிறது, அவ்வளவுதான். அதில் பிஸ்டன் நகரும் வேகம் மிகக் குறைவு, எந்த ஷாக்கும் சூடாகாது. இன்னொன்று: கார் எவ்வளவு சாய வேண்டும் என்பதை ஸ்பிரிங்கும், இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரும்தான் தீர்மானிக்கின்றன. சீரான வளைவில் பி6-உம் கம்பெனி ஷாக்கும் ஒரே அளவுதான் சாயும்.

கொண்டைஊசி_40
சாயும் அளவு ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். எவ்வளவு சீக்கிரம் அந்தச் சாய்வுக்குப் போய் நிற்கிறது என்பதுதானே ஷாக்கின் வேலை? மலையில் சீரான வளைவு எங்கே இருக்கிறது? இடது முடிவதற்குள் வலது வந்துவிடும். பாடி ஒருபக்கம் உட்கார்ந்து முடிப்பதற்குள் மறுபக்கம் திருப்ப வேண்டும், அந்த இடைவெளியில்தான் ஸ்டீயரிங்கில் நம்பிக்கை போகிறது. நீங்களே சொன்ன குறைந்த பிஸ்டன் வேகம் இருக்கிறதே, பி6-ன் வால்வு கெட்டியாகப் பிடிப்பது அங்கேதான். வேகம் கூடக் கூட அதே விகிதத்தில் இறுகாமல் இளகிவிடும். பள்ளத்தில் விழுந்தால் முதுகெலும்பு உடையும் என்று பயமுறுத்துபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மஞ்சளா_சிவப்பா
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். கோனி என்று ஒரு கம்பெனி ஹாலந்தில் இருப்பதை இருவரும் சொல்லவே இல்லையே!

மஞ்சள் நிறக் கோனி ஸ்போர்ட் இவருக்கு வேண்டாம், அது ஸ்பிரிங்கும் மாற்றுபவர்களுக்கு. சிவப்பு நிறத்தில் வரும் ஸ்பெஷல் ஆக்டிவைப் பாருங்கள். பாடி ஆடுவது நொடிக்கு ஒன்று, ஒன்றரைத் தடவை. சக்கரம் துள்ளுவது நொடிக்கு 10 முதல் 15 தடவை. சிவப்புக் கோனிக்குள் கூடுதலாக ஒரு வால்வு, சின்னச் சின்ன வேகத் துள்ளல் வந்தால் ஆயிலுக்கு இன்னொரு வழி திறந்திருக்கும். மெதுவான, நீளமான ஆட்டம் வந்தால் அந்த வழி மூடிக்கொள்ளும். கம்ப்யூட்டரும் இல்லை, வயரும் இல்லை. வீட்டாரோடு ஹைவே, தனியே மலை என்று இரண்டுமாக ஓட்டுபவருக்கு இதைவிடப் பொருத்தம் என்ன?

பழைய_ஃபிட்டர்
நல்ல ஷாக், மறுக்கவில்லை. நம்மூர் போலோவுக்கு எங்கே வாங்குவது, லீக் ஆனால் யாரிடம் போவது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தாழ்வு_மனப்பான்மை
எல்லோரும் பாதிக் கிணறு தாண்டுகிறீர்கள். ஐபாக் கம்பெனி ஸ்பிரிங் போட்டு காரை 30 மில்லிமீட்டர் இறக்கி, பில்ஸ்டைனின் குட்டை ஷாக்கான பி8 போடுங்கள். சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விட்டு ஜிடி என்று பேட்ஜ் ஒட்டியிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கண்ணில் உறுத்தும்.

ஈரோட்டு_டிஎஸ்ஐ
பெயருக்கு ஏற்ற பதில் 😄 வேண்டாம் ப்ரோ, எங்கள் தெருவில் வேகத்தடை போட்டவர் தனி மலையே கட்டிவிட்டார்.

பழைய_ஃபிட்டர்
இறக்குபவர்களுக்கு ஒரு கணக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன், இந்த உரையாடலில் பதிவாக இருக்கட்டும். ஸ்பிரிங் 30 சதவீதம் கடினமானால் ஷாக்கும் 30 சதவீதம் கடினமாக வேண்டியதில்லை. ஷாக்கில் தேவைப்படும் பிடிமானம் வர்க்கமூலக் கணக்கில்தான் ஏறும், சுமார் 14 சதவீதம். கம்பெனி ஷாக்கிலேயே இறக்கும் ஸ்பிரிங்கைப் போட்டு ஓட்டுபவர்களுக்குப் பிரச்சினை வருவது பெரும்பாலும் நீளத்தால்தான். பிஸ்டன் ராட் எப்போதும் உள்ளே அமுங்கியபடியே நிற்கும், சின்னப் பள்ளத்துக்கும் பம்ப் ஸ்டாப்பில் (அமுங்கலின் எல்லையில் தாங்கும் கட்டை) போய் இடிக்கும். பி8-ஐக் குட்டையாகச் செய்வது அதற்காகத்தான். இறக்காத காரில் பி8 போடக் கூடாது என்பதும் அதனால்தான். வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கேரளத்தில் இதைக் கறாராகப் பார்ப்பார்கள், பாலக்காட்டுப் பக்கம் அடிக்கடி போகிறவர் அதையும் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

இதே நீளக் கணக்கு பி6-க்கும் உண்டு, அதைத்தான் கொண்டைஊசித் தம்பி சொல்லாமல் விட்டார். ஐரோப்பாவில் ஓடும் போலோவைவிட நம்மூர் போலோ உயரம் கூடுதல். அந்த ஊருக்குச் செய்த ஷாக்கை நம் ஸ்பிரிங்கோடு போட்டால், கார் நிற்கும்போதே ராட் கொஞ்சம் வெளியே நீண்டு நிற்கும். மேலே அமுங்க இடம் இருக்கும், கீழே இறங்க இடம் குறையும். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ராட் கடைசி வரை இழுபட்டு "டக்" என்று அடிக்கும். பின்னால் இது இன்னும் சுலபமாக வரும், ஏனென்றால் சக்கரம் தொங்கும்போது அச்சைப் பிடித்து நிறுத்துவதே அந்த ஷாக்தான். ஆர்டர் போடுவதற்கு முன் பழைய ஷாக்கைக் கழற்றி, முழுதாக இழுத்து ஒரு அளவு, அமுக்கி ஒரு அளவு எடுங்கள். விற்பவரிடம் அதே இரண்டு அளவையும் கேளுங்கள். "போலோவுக்கு எல்லாம் ஒன்றுதான் சார்" என்று பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

ஒற்றைக்குழாயில் இன்னொரு தொல்லை. கல் தெறித்துக் குழாயில் சொட்டை விழுந்தால் பிஸ்டன் அங்கேயே சிக்கும். இரட்டைக்குழாயில் வெளிக்குழாய் நசுங்கினாலும் உள்குழாய்க்கு ஒன்றும் ஆகாது.

கொண்டைஊசி_40
அளவு எடுக்கச் சொன்னது சரி, அதில் சண்டை இல்லை. சொட்டைக் கதை முன் சக்கரத்துக்குப் பொருந்தாதே அண்ணா! முன்னால் வரும் பி6 ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்து சக்கரத்தைத் தாங்கும் தூண்) தலைகீழ் அமைப்பு. ஒற்றைக்குழாய் ஷாக் கவிழ்ந்தபடி வெளிக்கூட்டுக்குள் இருக்கிறது, கல் படுவது கூட்டின்மேல்தான். அதோடு மக்ஃபர்சன் ஸ்ட்ரட் பக்கவாட்டு இழுப்பையும் தாங்க வேண்டும். பிரேக் அழுத்தும்போதும் திரும்பும்போதும் மெல்லிய ராட் வளையப் பார்க்கும், இதில் அந்தச் சுமையை ஏற்பது பருத்த குழாய். மெல்லிய ராட் வளைந்து கொடுப்பதையும் அது கொடுக்காததையும் முதல் பிரேக்கிலேயே கையால் உணரலாம்.

பழைய_ஃபிட்டர்
அதுவும் சரிதான், முன்பக்கத்துக்கு அந்தச் சொட்டைப் பேச்சை எடுத்துவிடுங்கள். தலைகீழ் அமைப்பில் குழாய் உரசிக்கொண்டு நகரும் புஷ்ஷுக்குக் கிரீஸ் வேண்டும், அது காய்ந்தால் மெல்லத் தட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உரசல் அதிகம் என்பதால் கோவை ரோட்டில் 40-ல் உருட்டும்போது சின்ன ஒட்டுகள் எல்லாம் உள்ளே தெரியும். இவர் வாரத்தில் ஐந்து நாள் ஓட்டப்போவது அந்த ரோட்டில். வால்பாறைக்குப் போவது லீவு கிடைத்தால்.

கொண்டைஊசி_40
அந்த லீவு நாளுக்காகத்தானே ஜிடி வாங்கினார்! சொகுசு வேண்டுமென்றால் வேறு கார் வாங்கியிருப்பார்.

மஞ்சளா_சிவப்பா
பின் சீட்டில் உட்காருபவரைக் கேட்டுவிட்டா வாங்கினார்?

ஈரோட்டு_டிஎஸ்ஐ
கேட்கவில்லை, இப்போது கேட்டேன். "தூங்கவிட்டால் எதுவானாலும் சரி" என்று பதில் வந்தது.

இன்று ஒரு பின் ஷாக்கைக் கழற்றி அளந்தேன். எனக்குக் காட்டப்பட்ட பி6-ன் முழு நீளம் இதைவிடக் குறைவு. என் உயரத்தில் கீழே இறங்க மிஞ்சும் இடம் போதாது. சிவப்புக் கோனியை விசாரித்தால், வரும்போது வரும் என்கிறார்கள். டயரோ காத்திருக்காது. ஆகவே நாலும் கம்பெனி ஷாக், முன்னால் ஸ்ட்ரட் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசு உறை எல்லாம் புதிது. மிச்சப் பணத்தில் நாலு டயர், அதே 185/60 ஆர்15, கொஞ்சம் நல்ல பிடிப்புள்ளது.

கொண்டைஊசி_40
டயருக்குச் செலவு செய்வதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் அடிவாரத்திலிருந்து ஏற்காடு 20 வளைவும் ஏறி இறங்கிவிட்டு ஒரு வரி எழுதுங்கள். "இன்னும் கொஞ்சம் இறுக்கமாக இருந்திருக்கலாம்" என்றுதான் எழுதுவீர்கள், பார்க்கலாம். உயரத்துக்குச் சரியான பி6 கிடைத்தால் இங்கேயே அதன் பார்ட் எண்ணோடு போடுகிறேன்.

பழைய_ஃபிட்டர்
நல்ல முடிவு. மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஸ்ட்ரட் தலை நட்டை இம்பாக்ட் கன் வைத்துச் சுற்றவிடாதீர்கள், ராட் கூடவே சுற்றி சீல் போய்விடும். ஆலன் கீயால் ராட்டைப் பிடித்துக்கொண்டு கையால்தான் முறுக்க வேண்டும். பொருத்துவதற்கு முன் ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை முழுதாக அமுக்கி இழுங்கள், படுக்கவைத்ததில் உள்ளே சேர்ந்த காற்று வெளியேறும். பின் ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கார் ஜாக்கியில் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று எடை இறங்கிய பிறகுதான். இல்லாவிட்டால் ரப்பர் புஷ் முறுகிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும். மேடுபள்ளமாகத் தேய்ந்த பழைய டயரோடு ஒரு வாரம் ஓட்டினால் அதன் இரைச்சல் அப்படியே இருக்கும், அதற்குப் புது ஷாக்கைத் திட்ட வேண்டாம். அலைன்மென்ட்டைப் புது டயர் போட்ட அன்றே பார்த்துவிடுங்கள்.

ஈரோட்டு_டிஎஸ்ஐ
நன்றி அண்ணா. பழைய நட், போல்ட்டையே திரும்பப் போடலாமா? கடைக்காரர் போடலாம் என்கிறார்.

பழைய_ஃபிட்டர்
வேண்டாம். அவை தானே பூட்டிக்கொள்ளும் நட், ஒருமுறை கழற்றினால் பிடிப்பு போய்விடும். எட்டு ஷாக் விலையோடு பார்த்தால் அது டீச் செலவு.

கொண்டைஊசி_40
எட்டு ஷாக்கா?

பழைய_ஃபிட்டர்
நாலுதான். நீங்கள் எண்ணோடு போடப்போகும் பி6-ஐயும் அவர் வாங்கத்தானே போகிறார்.